இரண்டு பங்கு, ஒரு வாட்ச்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர்களில் 1980-களில் சீக்கோ வாட்ச் இல்லாத வீடு குறைவு. துபாய், அபுதாபி, மஸ்கட், தம்மாம் என்று போன ஆண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கோடாலித் தைலம், சென்ட், பவுடர் டின், ஃபாரின் லுங்கி எல்லாம் வந்த மறுநாளே சொந்தக்காரர்களுக்குப் பங்கு வைத்துத் தீர்ந்துபோகும். டேப் ரெக்கார்டர் முன்னறை மேசையில் பூ வேலை செய்த துணி போர்த்தி உட்கார்ந்துகொள்ளும். கையில் கிடக்கிற வாட்சை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் கிடைக்காது.

பெரும்பாலும் அது சீக்கோ ஃபைவ். எங்கள் மாமா கட்டியிருந்தது வேறு ரகம். பக்கங்கள் புடைத்து, விளிம்பு உருண்ட கனத்த எஃகு உடம்பு. திருகு மூன்று மணி இடத்தில் இல்லாமல் நான்கு மணி இடத்தில் ஒதுங்கியிருக்கும். கண்ணாடியைச் சுற்றி அறுபது நிமிடத்துக்கும் கோடு போட்ட கறுப்பு வளையம்; விரலால் திருப்பினால் ‘கிட் கிட்’ என்று நகரும். டயலில் 150 மீட்டர் என்று எழுதியிருக்கும். கிழமை காட்டும் சின்ன ஜன்னலில் ஆங்கிலமும் அரபியும் உண்டு. மாமா ஊருக்கு வந்தாலும் அரபியிலேயே விட்டுவிடுவார். கோயில் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் குனிந்து பார்த்து, “இன்னைக்கு என்ன கெழமையாக்கும்?” என்று கேட்க வேண்டும், அவர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான்.

மாமா அபுதாபிக் கடலில், தாஸ் தீவில், எண்ணெய்க் கம்பெனி கேண்டீனில் சமையல்காரர். கடலுக்கடியில் குழாய் பார்க்கப் போகிற டைவர்கள் அங்கே சாப்பிட வருவார்கள். சோறு பரிமாறும்போது அவர்கள் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, ஒரு விடுமுறைக்கு முன் அபுதாபி நகரத்துக் கடையில் வாங்கிவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. நெய்யாற்றில் அமரவிளைப் பாலத்துக்குக் கீழே குளிக்கப் போனால் இடுப்பளவுக்கு மேல் இறங்கமாட்டார். 150 மீட்டர் ஆழம் தாங்கும் வாட்ச் அவரோடு கண்ட அதிகபட்ச ஆழம் அதுதான்.

ஆனாலும் அந்த வளையத்தை அவர் சும்மா விட்டதில்லை. மரச்சீனி அடுப்பில் ஏறினால் திருப்புவார். ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்க வசனத்தை வாசித்து முடித்ததும் முக்கோணப் புள்ளியைப் பெரிய முள்ளுக்கு நேரே கொண்டுவந்து வைப்பார். அரை மணியைத் தாண்டினால் அத்தையை ஒரு பார்வை பார்ப்பார். ஊரில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் வந்த பிறகு, அபுதாபிக்கு லைன் கிடைத்த கணத்தில் வளையம் திரும்பும். பூத்துக்காரரின் மீட்டரை அவர் கடைசிவரை நம்பவில்லை.

உண்மையில் அந்த வளையத்தின் வேலை இதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. முதுகில் காற்று உருளையோடு இறங்குகிறவனுக்கு எவ்வளவு நேரம் கீழே இருந்தோம் என்று தெரிய வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்புப் படையை உருவாக்கிய ராபர்ட் மாலூபியே, இதற்குத் தோதான வாட்ச் தேடி அலைந்தார். கறுப்பு டயல், இருட்டிலும் தெரிகிற பெரிய எண்கள், வெளியே திரும்பும் வளையம் என்று அவர் கேட்டதற்குப் பொருந்தி வந்தது 1953-ல் பிளாங்பேன் செய்த ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’. நம் கடற்கரைக் கணக்கில் ஐம்பது பாகம். ரோலெக்ஸ் ‘சப்மரீனர்’ பிறந்ததும் அதே காலம். 1957-ல் ஒமேகா, 1965-ல் சீக்கோவின் முதல் டைவர் வாட்ச், 1967-ல் டோக்சாவின் ஆரஞ்சு டயல் என்று வரிசை நீண்டது. பின்னால் டைவர் வாட்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தரமே வந்தது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், எழுதிய ஆழத்துக்குரிய அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கொடுத்துச் சோதிக்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும், வளையம் தானாக நகர்ந்துவிடாதபடி இருக்க வேண்டும். இப்போதைய வளையங்கள் ஒரே பக்கமாகத்தான் திரும்பும். பாறையில் இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆள் சீக்கிரமாக மேலே வந்துவிடுவான். மாமாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் போதகர்தான் பாவம்.

2011-ல் மாமா இறந்தார். பிள்ளைகள் இல்லை. அடக்கம் முடிந்து நாற்பதாம் நாளில் அத்தை அந்த வாட்சைக் கைக்குட்டையில் பொதிந்து என் கையில் வைத்தாள். பக்கத்து வீட்டு நாயர் பாட்டி, “மாமன் சொத்து மருமகனுக்கு. பழைய திருவிதாங்கூர் முறையாக்கும்” என்று சிரித்தாள். அவர்கள் குடும்பத்தில் இருந்த மருமக்கள் வழியை 1925-ம் ஆண்டு நாயர் சட்டம் முடித்துவைத்தது. எங்கள் குடும்பத்தில் அது எக்காலத்திலும் இல்லை. ஆனாலும் இந்த ஒரு வாட்ச் விஷயத்தில் அவள் சொன்னது பொருந்திப்போயிற்று.

எங்கள் குடும்பத்தில் இருந்தது வேறு முறை. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. திருவிதாங்கூர் கிறிஸ்தவர்களுக்கு 1916-ல் ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் வழக்குப் போட்டு, 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே ரத்தாகிவிட்டது என்று சொல்லும்வரை இதுதான் நடப்பு. இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாதது, அதே சட்டத்தின் 30-ம் பிரிவு. கருநாகப்பள்ளி, கொல்லம், சிறையின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை முதலான தாலுகாக்களில் உள்ள லத்தீன் கத்தோலிக்கரிலும் புரொட்டஸ்டன்டுகளிலும் சில பிரிவினர் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்கு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள், அவர்களுக்குப் பெண்களின் பங்கைக் குறைக்கும் பிரிவுகள் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு எழுதியிருந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் எங்களைப் போன்ற குடும்பங்கள் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், தங்கிவிட்டோம். ஆனால் சம பங்கு என்கிற வழக்கம் எங்கள் வீட்டில் எந்தக் கோட்டையும் கேட்டு நடந்ததில்லை. என் தாத்தா தென்னையை எண்ணிப் பிரித்தார். என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரே அளவு மண்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் மூத்தவன், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. மகள் இளையவள், இங்கிலாந்தில் நர்ஸ். மாமாவின் வாட்ச் ஒன்றுதான். தென்னையைப் பிரிக்கலாம், வாட்சைப் பிரிக்க முடியாது. அதை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு அதற்குச் சமமாக ஒன்று கொடுக்க வேண்டும். பணத்தில் சமம் பார்ப்பது எளிது. நாற்பது வருடம் மாமா வேர்வையிலும் என் வேர்வையிலும் ஊறிய வாட்சுக்கு எது சமம்? தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றுப் பணம் கைக்கு வந்த வருடம், இந்தக் கேள்வியோடு ஒரு டைவர் வாட்ச் தேடக் கிளம்பினேன்.

திருவனந்தபுரத்தில் ஏசி ஓடும் ஒரு ஷோரூமில் தொடங்கினேன். வெள்ளைக் கையுறை போட்ட பையன் தட்டில் வெல்வெட் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சுவிஸ் வாட்சுகளின் அழகைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வளையம் திரும்புகிற சத்தத்திலேயே பணம் கேட்கிறது. விலை லட்சங்களில் போயிற்று. பணத்தை விடுங்கள், அவ்வளவு விலையில் ஒன்றை மகளுக்குக் கொடுத்துவிட்டு, மகனிடம் அரபிக் கிழமை ஓடும் பழைய சீக்கோவை நீட்டினால் அது பங்காகாது. இன்னொன்றும் தோன்றியது. நாகர்கோவில் பாசஞ்சரில் ஜன்னலோரம் கை வைத்து உட்கார முடியாத வாட்சை ஒரு தகப்பன் எதற்காகக் கொடுக்க வேண்டும்? நேரே லாக்கருக்குப் போய்விடும். லாக்கரில் கிடக்கும் வாட்ச் எனக்குப் பிடிக்காது. நகைக்கு அங்கே இடம் இருக்கிறது, அது போதும்.

எங்கள் தலைமுறைக்கு நெருக்கமான சுவிஸ் பெயர் ஒன்று உண்டு: ஃபேவர் லூபா. ‘ஸீ சீஃப்’, ‘ஸீ கிங்’ என்று கடல் பெயர் வைத்த அந்த வாட்சுகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டவை. என் அப்பாவுக்கும் ஒன்று கிடைத்தது. பெயரில்தான் கடல். குளிக்கும்போது கழற்றி விளக்கு மாடத்தில் வைத்துவிடுவார். ஆனால் அதே கம்பெனி 1968-ல் ‘பாத்தி’ என்று ஒரு வாட்ச் செய்தது. எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறோம் என்று அழுத்தத்தை அளந்து முள்ளால் காட்டும்; கையில் கட்டும் இயந்திர வாட்சில் அதுதான் முதல். 2011-ல் ஃபேவர் லூபாவை டைட்டன் வாங்கியது, 2023-ல் அது வேறோர் இந்தியக் குழுமத்தின் கைக்கு மாறியது. பழைய பாத்தி ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டதை மறைக்கவில்லை. கிடைத்தாலும் யார் பழுது பார்ப்பார்?

இந்தக் கேள்வி அதற்குப் பின் என்னை விடவில்லை. ரஷ்யாவின் வோஸ்டாக் ‘அம்பிபியா’வையும் பார்த்தேன். 1967-ல் வந்தது. மேற்கு நாட்டுக்காரர்கள் போல நுணுக்கமாகக் கடைந்து அடைக்க வசதி இல்லாததால், அங்குள்ள பொறியாளர்கள் தண்ணீரின் அழுத்தத்தையே வேலைக்கு வைத்தார்கள். ஆழம் கூடக் கூடப் பின்மூடி தடித்த ரப்பர் வளையத்தின் மேல் இன்னும் இறுகி உட்காரும். தண்ணீர் உள்ளே வர முட்டுவதே கதவை மூடுகிறது. இந்தப் புத்தியை நினைத்து நினைத்து ரசித்தேன். வாங்கவில்லை, பாகம் கேட்டு ரஷ்யாவுக்கு எழுதும் வயது எனக்கில்லை.

சிட்டிசன் பக்கம் மகனுக்கு மனசு இருந்தது. 1983-ல் ஆஸ்திரேலியாவில் லாங் ரீஃப் கடற்கரையில் ஒரு சிட்டிசன் டைவர் கரை ஒதுங்கியது. மேலெல்லாம் கொட்டலசு அப்பியிருக்க, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கதையைச் சொல்லித்தான் அவன் என்னை இழுத்தான். வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் வகையைக் காட்டினான். நல்ல வாட்ச்தான், சந்தேகமில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் மின்சாரப் பலகை என்றாவது ஒரு நாள் கண்ணை மூடினால், நம்மூர்க் கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

இந்த நாட்களில் ஒருமுறை விழிஞ்ஞத்தை அடுத்த முல்லூருக்குப் போனேன். என்னோடு தபால் ஆபீசில் இருந்தவரின் தம்பி அங்கே சிப்பி எடுப்பவர். வர்க்கலையிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள இந்தக் கரையின் பாறைகளில்தான் பழுப்புச் சிப்பி விளைகிறது. மலபார்ப் பக்கம் கிடைப்பது பச்சை. கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, கையில் இரும்புப் பாரையோடு மூச்சை அடக்கி இறங்குவார்கள். காற்று உருளை கிடையாது. புதுத் துறைமுகம் வந்த பிறகு பழைய பாறைகளில் பல அவர்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது; அந்த வருத்தம் தனிக் கதை. இறங்கும்போது வாட்ச் கட்டுவதுண்டா என்று அவரிடம் கேட்டேன். என் கையிலிருந்த மாமாவின் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாறையில ஒரசினா கண்ணாடி போவும் சாரே. அதுக்க மேல, மணி பாத்துட்டு நிக்க நேரம் ஏது? நெஞ்சு இடிக்கும்போ மேல வரணும், அவ்வளவுதான்.” கடலில் உண்மையாகவே முங்குகிறவர் வெறுங்கையோடு நிற்க, நீச்சல் தெரியாத சமையல்காரரும் தபால்காரனும் கட்டிய டைவர் வாட்ச் எங்கள் நடுவே இருந்தது. அவர் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “கொள்ளாம்” என்று திருப்பித் தந்தார்.

இனி, வாட்ச் பழுது பார்க்கும் களியக்காவிளைக்காரரைப் பற்றி. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், படிக்கட்டுக்கு அடியில், ஆள் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய கடை. எங்கள் பக்கத்துக் கல்ஃப் வாட்சுகளெல்லாம் அவர் கை வழியாகப் போனவைதான். 2020 மார்ச்சில் மாமாவின் வாட்சை ஓவராயிலுக்காக அவரிடம் கொடுத்திருந்தேன். அந்த வாரமே ஊரடங்கு. இஞ்சிவிளைச் சோதனைச் சாவடியில் வழி அடைத்தார்கள். நடந்து போகிற தூரத்தில் வாட்ச் தமிழ்நாட்டில், நான் கேரளத்தில். மாநிலம் பிரிந்தது 1956-ல் என்று பள்ளியில் படித்திருந்தாலும், எல்லை என்பதைப் பலகையாக மட்டுமே பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அது முதல் அனுபவம். பாஸ் கிடைத்துப் போனபோது, கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் முன்னாலேயே பின்மூடியைத் திறந்தார். கண்ணில் லென்ஸ், கையில் மூடி திறக்கும் சாவி. மூடியில் ஓர் அலைச் சின்னம், அதன் பக்கம் 6309-7040 என்று மாடல் எண். அதற்கு அடுத்து நீண்ட ஓர் எண். முதல் இலக்கம் 2, அடுத்து ‘என்’ என்ற எழுத்து. சீக்கோவில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஒன்பது மாதம் வரை எண்ணாகவும், அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி என்ற எழுத்துகளாகவும் போடுவார்கள் என்று அவர்தான் சொன்னார். இந்த மாடல் 1976-லிருந்து 1988 வரைதான் வந்தது. ஆகவே 2 என்றால் 1982, நவம்பர். மூடியைத் தூக்கியதும் உள்ளே இருந்த வாஷரை இடுக்கியால் தொட்டார். ரப்பர் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை; வேகாத சேமியா போல ஒடிந்து மூன்று துண்டாக விழுந்தது. “இதை நம்பியா மழையில நனைஞ்சீங்க?” என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் தேடலை முடித்துவைத்தது. இந்த 6309 எஞ்சின் டைவர் வாட்சுக்கென்று தனியாகச் செய்தது இல்லை. அதே காலத்துச் சாதாரண சீக்கோ ஃபைவ் பலவற்றிலும் இதே எஞ்சின்தான். கடலுக்கு உள்ள தடித்த உடம்பு, திருகி மூடும் திருகு, வாஷர் எல்லாம் வெளியே. உள்ளே எல்லாரும் கட்டிய வாட்ச். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்துக் காட்டினார். நிறைய செத்த சீக்கோ ஃபைவ்கள். டயல் போனவை, கண்ணாடி போனவை, ஆள் போனபின் வீட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போனவை. “இது இருக்கற வரைக்கும் உங்களுக்க மாமா வாட்ச் ஓடும்.” துபாய்க்கும் தம்மாமுக்கும் போன அத்தனை பேரும் சேர்ந்து, அவர்களுக்குத் தெரியாமலே, மாமாவின் வாட்சுக்கு உதிரிப் பாகம் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள்.

அப்படியானால் இரண்டாவது வாட்சும் இதே போல, ஊரெல்லாம் கட்டுகிற எஞ்சின் உள்ளதாக இருக்க வேண்டும். முதலில் இன்னொரு பழைய 6309 தேடினேன். மும்பையிலிருந்து வருகிறவை பளபளவென்று இருந்தன, அதுதான் சிக்கல். நாற்பது வருடத்து டயல் அப்படிப் பளபளக்காது. பெயின்ட் மறுபடி அடித்து, புது முள் போட்டு, எங்கோ செய்த வளையம் மாட்டி, மூன்று வாட்சைச் சேர்த்து ஒன்றாக்கியவை. களியக்காவிளைக்காரர் ஒன்றைப் பார்த்துவிட்டு, எழுத்தின் ஓரம் கலங்கியிருப்பதை லென்ஸ் வழியாக எனக்கும் காட்டினார். அந்த வழியை அத்தோடு விட்டேன்.

கடைசியில் வாங்கியது அதே உடம்பில் சீக்கோ புதிதாகக் கொண்டுவந்த டைவர். சேகரிப்பாளர்கள் பழையதையும் புதியதையும் ஆமை என்றே கூப்பிடுகிறார்கள். அதே புடைத்த பக்கம், அதே நான்கு மணித் திருகு. ஆழம் 200 மீட்டர். பழையதற்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். இதற்குச் சாவியும் கொடுக்கலாம், திருகை இழுத்தால் நொடி முள்ளும் நிற்கும். உள்ளே இருப்பது 4ஆர்36. இன்றைய சீக்கோ ஃபைவ் ஸ்போர்ட்ஸிலும் அதுவே. இன்னும் முப்பது வருடம் கழித்து எங்கேயோ ஒரு பிஸ்கட் டின்னில் இவையும் சேர்ந்திருக்கும் என்பது என் கணக்கு.

வாங்கியதை அப்படியே டப்பாவோடு வைக்கவில்லை. பழையதும் புதியதுமாக மாற்றி மாற்றிக் கட்டினேன். ரேஷன் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சபைக் கமிட்டிக்கு, மரச்சீனி பிடுங்க. புதியதின் எஃகில் என் வீட்டுக் கிணற்றுச் சுவர் போட்ட கீறல் ஒன்று உண்டு. இரண்டிலும் என் கை பட்டிருந்தால்தான் இரண்டும் ஒரு தட்டில் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கணக்கை எந்த வக்கீலும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

மகள் கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தபோது பங்கு வைத்தோம். எங்கள் வீட்டு முறை, மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவள் முதலில் எடுக்க வேண்டும். பங்கு வைக்கிறவனுக்குக் கை கோணாது. மகன் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். மாமாவின் மடியில் வளர்ந்தவள், அவள் பழையதைத்தான் எடுப்பாள் என்று நானும் என் மனைவியும் முன்கூட்டியே பேசி முடித்திருந்தோம். அவள் யோசிக்காமல் புதியதை எடுத்தாள்.

காரணம் கேட்டால் நர்ஸ் பேசினாள். வார்டில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் கட்டக்கூடாது, கல்யாண மோதிரம் ஒன்று மட்டும் போகலாம். நாடி பார்க்கும் வாட்சை நெஞ்சில் குத்திக்கொள்வார்கள். கையில் கட்டுவது வேலை முடிந்த பிறகு. அவள் வாரம் தவறாமல் நீச்சல் குளத்துக்குப் போகிறாள். “அப்பா, மாமா வாட்ச தண்ணிக்குள்ள கொண்டுபோக முடியாது. ரூம்ல கழட்டி வச்சிட்டுப் போற வாட்ச் எனக்கு எதுக்கு?” எங்கள் குடும்பத்தில் டைவர் வாட்சோடு முழுதாகத் தண்ணீருக்குள் இறங்கப்போகிற முதல் ஆள் அவள்தான். மகன் ஒன்றும் சொல்லாமல் பழையதைக் கட்டிக்கொண்டான். வாரநாளில் அவன் கையில் போனோடு பேசுகிற வாட்ச். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இது. கிழமை அரபியில்தான் நிற்கிறது. வளையத்தின் உபயோகத்தையும் கண்டுபிடித்துவிட்டான் என்று மருமகள் சொல்கிறாள்.

வீட்டில் பழைய டைவர் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டயலில் 150 என்றோ 200 என்றோ எழுதியிருப்பது தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்த நாளின் நிலை. வாஷருக்கு வயதாகும். வேர்வையும் உப்பும் சோப்பும் அதைத் தின்னும். கொடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, வாஷர் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி வாங்குங்கள். திருகை உள்ளே அழுத்தித் திருகி மூடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். தண்ணீரில் இறங்கத்தான் வேண்டுமென்றால், அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் மெஷின் உள்ள சர்வீஸ் சென்டரில் சோதித்த பிறகு இறங்கட்டும். எங்கள் களியக்காவிளைக்காரரே, “வாஷர் மாத்துவேன், கடலுக்கு கேரண்டி தரமாட்டேன்” என்று சொல்லித்தான் பணம் வாங்குகிறார். இன்னொன்று: கண்ணில் லென்ஸ் வைத்து உட்கார்ந்திருக்கும் இவரைப் போன்றவர்கள் எங்கள் பக்கத்தில் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவருக்குப் பின் அந்தக் கடையில் உட்கார ஆள் இல்லை. ஓவராயிலுக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வருடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.